இருட்டுக்கும் ஒரு விளக்கு வேண்டும்: ஃபிலிம் நுவார் நிழல்களை உருவாக்க ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். ராத்திரி, ஒரே அறை, யாருக்காகவோ காத்திருக்கும் ஒருவன். அவ்வளவுதான் கதை. 'நுவார் மாதிரி இருக்கணும்', அதாவது நிழல் நிறைந்த பழைய ஹாலிவுட் குற்றப் படம் மாதிரி, என்று மட்டும் பேசி வைத்திருந்தோம். டியூப் லைட்டை அணைத்தோம். மூலையில் ஒரு ஜீரோ வாட் பல்ப் எரிந்தது. இருட்டாகத்தானே இருக்கிறது என்று எடுத்தும் முடித்தோம். மறுநாள் கணினியில் போட்டுப் பார்த்தால் படம் முழுக்க ஒரே சாம்பல். கருப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, சரியாக அழிக்காத சிலேட்டு மாதிரி இருந்தது. நடிகர் எங்கே முடிகிறார், சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் பழைய ஹாலிவுட் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தேன். கெட்டியான இருட்டு இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கண் கூசும் வெளிச்சமும் இருப்பது அப்போதுதான் உறைத்தது. வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனால் மங்கல்தான் வரும். நிழல் வேண்டுமென்றால் பலமான விளக்கு ஒன்று எரிய வேண்டும், அதன் குறுக்கே ஏதாவது நிற்க வேண்டும். கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவைதான். ஒரு அறை, ஒரு நடிகர், ஒரு போன் அல்லது கேமரா, இரண்டு விளக்கு, கொஞ்சம் கருப்பு அட்டை இருந்தால் போதும்.

## இந்த நிழல் எங்கிருந்து வந்தது

அவசரக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் காரணம் தெரிந்தால் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும் என்பது என் அனுபவம்.

'ஃபிலிம் நுவார்' என்றால் பிரெஞ்சில் 'கருப்புப் படம்'. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரான்ஸுக்கு அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்ததும் மொத்தமாகப் பாரிஸில் இறங்கின. 'தி மால்டீஸ் ஃபால்கன்', 'டபுள் இண்டெம்னிட்டி', 'லாரா' போன்றவற்றை அடுத்தடுத்துப் பார்த்த விமர்சகர் நீனோ ஃபிராங்க் 1946-ல் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். படம் எடுத்தவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. அவர்கள் கணக்கில் அவை குற்றப் படங்கள், அல்லது மெலோடிராமா.

நிழலின் பூர்வீகம் என்று எல்லோரும் ஜெர்மனியைக் காட்டுவார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1920-ல் வந்த 'டாக்டர் காலிகாரி' படத்தில் நிழல்களை அரங்கத்தின் மேலேயே வண்ணத்தால் வரைந்திருந்தார்கள். 1922-ல் இயக்குநர் முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' வந்தது. ரத்தக்காட்டேரி படியேறுவதை அதில் நிழலாகத்தான் பார்க்கிறோம். 1931-ல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தில், கொலைகாரனைப் பிடித்துத் தருபவருக்குப் பரிசு என்று ஒட்டிய சுவரொட்டியின் மேலேயே அவன் நிழல் வந்து விழும். 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் லாங், ராபர்ட் சியோட்மாக், பில்லி வைல்டர் எல்லோரும் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, கடைசியில் ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் எல்லாப் பெருமையையும் ஜெர்மனியின் கணக்கில் எழுதிவிட முடியாது. 'டபுள் இண்டெம்னிட்டி'யின் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் சிகாகோவில் பிறந்தவர். 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த நிக்கோலஸ் முசுராகா இத்தாலியிலிருந்து வந்தவர். இருட்டில் இவர்கள் எல்லோரையும் விடத் துணிச்சலாகப் போன ஜான் ஆல்டன் ஹங்கேரியின் சோப்ரோனில் பிறந்தவர். இவர்களை ஒரே பக்கம் தள்ளியவை காசும் சட்டமும் ஃபிலிம் சுருளும்தான்.

போர்க்காலத்தில் ஒரு படத்தின் அரங்க அமைப்புக்கு 5,000 டாலருக்கு மேல் புதுப் பொருள் வாங்கக் கூடாது என்று அமெரிக்க அரசு உச்சவரம்பு வைத்தது. இருக்கிற பழைய அரங்கத்தையே திரும்பத் திரும்ப உபயோகித்தாக வேண்டும். மூன்று சுவரும் ஒரு மேசையும்தான் இருக்கிறது என்றால், மீதியை இருட்டில் விட்டுவிடுவது தவிர வேறு வழி என்ன? 1938-ல் கோடாக் வெளியிட்ட பிளஸ்-எக்ஸ், சூப்பர் டபுள்-எக்ஸ் சுருள்கள் குறைந்த வெளிச்சத்திலும் வேலை செய்தன. வன்முறையை நேராகக் காட்டத் தணிக்கை விதிகள் இடம் தரவில்லை, அதனால் கொலை சுவரில் நிழலாக நடந்தது. பாணி என்று இன்று நாம் சொல்வதில் பாதி, கையில் காசில்லாதவர்களின் சாமர்த்தியம். கையைக் கடித்துக்கொண்டு படம் எடுக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல் தரும்.

## முதல் படி: ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்

விளக்கைத் தொடுவதற்கு முன் ஒரு மாலை முழுக்கப் பார்ப்பதற்குச் செலவிடுங்கள். வசனம் ஓடினால் மனம் கதைக்குப் போய்விடும், அதனால் ஒலி வேண்டாம். ஒரு காட்சியை நிறுத்தி, ஒரு தாளில் அறையின் வரைபடத்தைப் போட்டு, விளக்குகள் எங்கே இருந்திருக்கும் என்று குறியுங்கள்.

கண்டுபிடிப்பது நினைப்பதைவிட எளிது. மூக்கின் நிழலைப் பாருங்கள். அது இடது கன்னத்தில் விழுந்தால் விளக்கு வலப்பக்கம். உதட்டை நோக்கிக் கீழே இறங்கினால் விளக்கு உயரத்தில். மேலே ஏறினால் விளக்கு தரைக்குப் பக்கத்தில். அடுத்து நிழலின் விளிம்பு. கத்தியால் வெட்டியது மாதிரி இருந்தால் விளக்கு சின்னது அல்லது தூரத்தில் இருக்கிறது. பஞ்சு மாதிரி கரைந்தால் விளக்கு பெரியது அல்லது மிக அருகில் இருக்கிறது. கடைசியாகக் கருவிழியில் தெரியும் புள்ளிகளை எண்ணுங்கள். முகத்துக்கு முன்னால் எத்தனை விளக்கு என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்று படங்களைப் பரிந்துரைப்பேன். 'டபுள் இண்டெம்னிட்டி' (1944) வீட்டுக்குள் வெளிச்சம் எப்படி வெட்டுப்படுகிறது என்பதற்கு. 'தி தேர்ட் மேன்' (1949) தெருவுக்கு. 'தி பிக் காம்போ' (1955) எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் போதும் என்ற தைரியத்துக்கு. தமிழில் பார்க்க வேண்டுமென்றால் வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954-ல் ஏ.வி.எம். வெளியிட்ட 'அந்த நாள்' இருக்கிறது. பாட்டே இல்லாத படம். மாருதி ராவ் ஒளிப்பதிவு. கொலையில் தொடங்கி, ஒவ்வொருவர் சாட்சியத்திலும் மாறிக்கொண்டே போகும் கதைக்குக் கருப்பு வெள்ளை எப்படிக் கைகொடுக்கிறது என்று பாருங்கள்.

## இரண்டாம் படி: அறையை முழு இருட்டாக்குங்கள்

நாம் எடுக்கப்போகும் காட்சி இதுதான்: ராத்திரி, ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், யாரோ வரப்போகிறார்கள்.

ஜன்னலைப் போர்வையால் மூடுங்கள். கதவுக்கு அடியில் வரும் கீற்று, டிவி பெட்டியின் சிவப்புப் புள்ளி, இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு எல்லாவற்றையும் மறையுங்கள். அப்புறம் சுவர். நம் வீடுகளில் சுவர் பெரும்பாலும் வெள்ளை அல்லது இளமஞ்சள். ஒரு விளக்கைப் போட்டாலும் நாலு சுவரும் அந்த வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, நிழலைக் கழுவிவிடும். எங்கள் சாம்பல் படத்துக்கு இது பெரிய காரணம். கேமராவில் தெரியாத பக்கத்துச் சுவரில் கருப்பு வேட்டியோ கரும்பச்சைப் போர்வையோ தொங்கவிடுங்கள். கூரை தாழ்வாக இருந்தால் அங்கேயும் ஒரு கருப்புத் துணி. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் எல்லா வேலையும் வீண்.

## மூன்றாம் படி: ஒரே ஒரு கூரான விளக்கு

ஹாலிவுட்டின் வழக்கமான ஒளியமைப்பில் மூன்று விளக்கு உண்டு. முகத்துக்கு முதன்மையானது கீ லைட். அதன் நிழலை மென்மையாக்க ஃபில் லைட். பின்னணியிலிருந்து ஆளைப் பிரித்துக் காட்ட பேக் லைட். நுவார்க்காரர்கள் செய்த முதல் கலகம் ஃபில் லைட்டை அணைத்தது, அல்லது பெயருக்கு வைத்துக்கொண்டது. நாமும் கீ லைட்டில் மட்டும் தொடங்குவோம்.

எந்த விளக்கு? மேலே பார்த்த மாதிரி, ஒளி கிளம்பும் இடம் சின்னதாக இருக்க வேண்டும். டியூப் லைட் இதற்கு உதவாது. நாலடி நீளம் முழுக்க ஒளி கிளம்புவதால் நிழல் கரையும். ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். கிடைமட்டமாக மாட்டிய டியூபுக்கு முன்னால் ஒரு குச்சியைப் படுக்கைவாட்டில் பிடித்தால் சுவரில் ஓரளவு தெளிவாகக் கோடு விழும். அதே குச்சியை நிமிர்த்துங்கள், நிழல் காணாமல் போகும். விளக்கின் வடிவம் நிழலைத் தீர்மானிப்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட மலிவான பாடம் கிடையாது.

கையில் இருப்பதில் சிறந்தது போனின் டார்ச். மிளகளவு புள்ளியிலிருந்து வருவதால் நிழல் கூராக விழும். வெளிச்சம் போதவில்லை என்றால் ஃபோகஸ் செய்யும் எல்.இ.டி. டார்ச், அல்லது வாடகைக்குக் கிடைக்கும் சின்ன ஸ்பாட் லைட். சிலர் 500 வாட் ஹாலஜனைக் கொண்டுவருவார்கள். நல்ல நிழல் தரும், ஆனால் கொதிக்கும். அதன் மேல் துணியோ அட்டையோ படக்கூடாது.

விளக்கை நடிகரின் பக்கவாட்டில், கண்மட்டத்தைவிட ஓரடி உயரத்தில் வையுங்கள். முகம் சரிபாதியாகப் பிளக்கும். இரட்டை மனம் கொண்ட பாத்திரத்துக்கு எல்லோரும் செய்வது இதுதான், கொஞ்சம் அலுத்துப்போன வடிவம் என்றும் சொல்வேன். அதைவிட, விளக்கை நடிகருக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். நெற்றியின் ஓரம், மூக்கின் முகடு, கன்னத்தில் ஒரு சின்னத் திட்டு மட்டும் ஒளிரும். முகத்தின் பெரும்பகுதி கேமராப் பக்கம் இருட்டாகவே இருக்கும். நான் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

## நான்காம் படி: வெளிச்சத்தை வெட்டுங்கள்

விளக்கைப் போடுவதற்கு ஐந்து நிமிடம், வெட்டுவதற்கு அரை மணி நேரம். நுவார் ஒளியமைப்பில் நேரம் போவது இங்கேதான்.

நம் படப்பிடிப்புத் தளங்களில் 'கட்டர்' என்பார்கள். ஸ்டாண்டில் மாட்டிய கருப்புத் துணிச் சட்டம். நமக்குக் கருப்பு சார்ட் அட்டை போதும். முதலில் நடிகரின் வெள்ளைச் சட்டையை வெட்டுங்கள். முகத்தைவிடச் சட்டை பிரகாசமாக இருந்தால் கண் அங்கேதான் போகும். அப்புறம் நெற்றிக்கு மேலே வெட்டுங்கள். கண்கள் மட்டும் ஒரு பட்டையில் மிஞ்சும்.

கட்டரை எங்கே பிடிப்பது என்பதில் ஒரு சூத்திரம் இருக்கிறது. விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தால் நிழலின் விளிம்பு கரையும். நடிகருக்கோ சுவருக்கோ பக்கத்தில் கொண்டுபோனால் விளிம்பு கூராகும். எவ்வளவு கூர் வேண்டுமோ அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரே ஃபிரேமில் எல்லா விளிம்பும் கூராக இருந்தால் அட்டையை வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கும்.

இனி, எல்லோரும் கேட்கும் பட்டை நிழல். வெனிஷியன் பிளைண்ட் எனப்படும் ஜன்னல் பட்டிகளின் வழியாக விழும் வரிவரியான ஒளி நுவாரின் முத்திரையாகவே ஆகிவிட்டது. 'டபுள் இண்டெம்னிட்டி'யில் காப்பீட்டு முகவர் வால்டர் நெஃப் டீட்ரிச்சன் வீட்டுக்கு முதல்முறை வரும்போது, கலிஃபோர்னியாவின் பகல் வெயில்தான் பட்டையாக உள்ளே வருகிறது. இன்னும் எந்தக் குற்றமும் நடக்கவில்லை. ஆனால் அவன் மேல் ஏற்கெனவே கம்பி விழுந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் தூசி மிதப்பது தெரிய வேண்டும் என்பதற்காகக் காற்றில் அலுமினியத் துகளை விட்டார்கள். (நீங்கள் செய்யாதீர்கள், மூச்சுக்கு நல்லதல்ல.) 'தி மால்டீஸ் ஃபால்கன்' முடிவில் கைதாகிப் போகும் நாயகியின் முகத்துக்கு முன் லிஃப்டின் கம்பிக் கதவு மூடுவதும் இதே கணக்குதான்.

நம் வீடுகளில் பட்டிகள் இருக்காது, ஆனால் ஜன்னல் கிரில் இல்லாத வீடு கிடையாது. அது போதும். இரவில் ஜன்னலுக்கு வெளியே, குறைந்தது 3 மீட்டர் தள்ளி விளக்கை வைத்து உள்ளே அடியுங்கள். கம்பி நிழல் சுவரில் நேராக விழாமல் சாய்வாக விழும்படி விளக்கை ஒரு பக்கம் நகர்த்துங்கள். நேர்க்கோடு அமைதியைக் கொடுக்கும். சாய்வுக்கோடு கண்ணை உட்காரவிடாது. மாடி வீடு, வெளியே விளக்கு வைக்க முடியாது என்றால், அட்டையில் விரல் அகலத்துக்கு வரிசையாகப் பட்டைகள் வெட்டி, நடிகருக்கு ஒரு மீட்டர் முன்னால் பிடியுங்கள். வேப்பங்கிளை ஒன்றைப் பிடித்தாலும் வேலை செய்யும். ஹாலிவுட்டில் ஒழுங்கற்ற ஓட்டைகள் போட்ட பலகை ஒன்றை 'குக்கலோரிஸ்' என்று பெயர் வைத்து இதற்காகவே பயன்படுத்தினார்கள்.

ஒரு எச்சரிக்கை. வெளியே பட்டையாக வெளிச்சம் வர ஒரு தெருவிளக்கோ நிலாவோ இருக்கிறது என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். ஜன்னலே இல்லாத சுவரில் பட்டை நிழல் விழுந்தால் அது வால்பேப்பர்.

## ஐந்தாம் படி: சுவரில் ராட்சத நிழல்

இதற்குச் சின்னக் கணக்கு போதும். நடிகர் இருக்கும் தூரத்தைப் போல விளக்கிலிருந்து சுவர் எத்தனை மடங்கு தூரமோ, நிழல் அத்தனை மடங்கு பெரிதாகும். விளக்கிலிருந்து நடிகர் 1 மீட்டர், சுவர் 3 மீட்டர் என்றால் நிழல் மூன்று மடங்கு. இரண்டுக்கும் நடுவில் நின்றால் இரண்டு மடங்கு. விளக்கைத் தரையில் வைத்தால் நிழல் மேலேறிக் கூரையைத் தொடும். 'தி தேர்ட் மேன்' படத்தில் கள்ளச்சந்தைக்காரன் ஹாரி லைமைப் பிடிக்கப் போலீஸ் பதுங்கியிருக்கும்போது, கட்டடத்தின் மேல் பூதாகாரமாக ஒரு நிழல் நகர்ந்து வரும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் வருவது ஒரு கிழட்டு பலூன்காரர்! நிழல் பொய் சொல்லும் என்பதை இதைவிடச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர்கள் இல்லை.

இன்னொரு கணக்கும் இதோடு சேர்ந்தது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆக, 1 மீட்டரில் முகம் பளிச்சென்று இருக்கும்போது 3 மீட்டரில் இருக்கும் சுவர் ஏறக்குறைய இருட்டில் மூழ்கிவிடும். அதனால் முதலிலேயே முடிவெடுங்கள்: இந்த ஷாட்டில் சுவர் நிழலைத் தாங்கப்போகிறதா, மறையப்போகிறதா? மறைய வேண்டுமென்றால் விளக்கை நடிகருக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, நடிகரைச் சுவரிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள். நிழல் வேண்டுமென்றால் சுவருக்குத் தனியாக ஒரு விளக்கு, முகத்துக்குத் தனியாக ஒன்று. ஒரே விளக்கில் இரண்டையும் சாதிக்கப் போய் இரண்டையும் கெடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

## ஆறாம் படி: இருட்டுப் பக்கம் எவ்வளவு இருட்டு

கேமராவில் முகத்தின் ஒளிப் பக்கத்தை அளந்து, அப்புறம் நிழல் பக்கத்தை அளந்து பாருங்கள். வித்தியாசத்தை 'ஸ்டாப்' என்ற அளவில் சொல்வார்கள், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரண்டு மடங்காகும். ஒரு ஸ்டாப் வித்தியாசம் என்றால் 2-க்கு 1. குடும்பச் சித்திரத்துக்குச் சரி. மூன்று ஸ்டாப் என்றால் 8-க்கு 1. நுவார் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒளியை அளக்கும் மீட்டர் இல்லாவிட்டால் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிழல் பக்கத்துக் கண் காணாமல் போனால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

வசனம் முக்கியமான இடத்தில் அந்தக் கண் கொஞ்சம் தெரிய வேண்டும் என்றால், ஒரு தெர்மாகோல் துண்டை நிழல் பக்கம் தூரத்தில் பிடியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, கருவிழியில் பொட்டு விழுந்ததும் நிறுத்துங்கள்.

## ஏழாம் படி: பின்னாலிருந்து ஒரு கோடு

கருப்புத் தலைமுடி, கருப்புப் பின்னணி. இரண்டும் ஒட்டிக்கொண்டால் தலை பாதி காணாமல் போகும். நடிகருக்குப் பின்னால், உயரத்தில், ஃபிரேமுக்கு வெளியே ஒரு சின்ன விளக்கு வைத்தால் தோளிலும் முடியிலும் மெல்லிய வெள்ளிக்கோடு விழும். அதிகமானால் சாமி படத்து ஒளிவட்டம் ஆகிவிடும், குறைத்துக்கொள்ளுங்கள்.

இல்லையென்றால் தலைகீழாகச் செய்யலாம். ஆள் கருப்பு, பின்னணி வெளிச்சம். 'தி பிக் காம்போ'வின் கடைசிக் காட்சி விமான நிலையக் கொட்டகையில், பனிமூட்டத்துக்குள் நடக்கிறது. ஜான் ஆல்டன் அங்கே முகங்களையே தரவில்லை. பின்னால் வெள்ளைப் பனி, முன்னால் இரண்டு கருப்பு உருவங்கள், அவ்வளவுதான். அரங்கம் என்று கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. 1949-ல் 'ஒளியால் ஓவியம் தீட்டுதல்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒளிப்பதிவு நூல் எழுதிய மனிதர் அவர். ஆஸ்கர் கிடைத்தது என்னவோ வண்ணமயமான ஒரு பாட்டுப் படத்துக்கு.

புகைக்கும் இதே பின்விளக்குதான் உயிர். முன்னாலிருந்து அடித்தால் புகை தெரியவே தெரியாது. சிகரெட் வேண்டாம், சாம்பிராணி போதும். தூபக்காலைப் பின்விளக்கின் பாதையில், ஃபிரேமுக்குக் கீழே வையுங்கள். மின்விசிறியை நிறுத்தி ஒரு நிமிடம் காத்திருந்தால் புகை அடுக்கடுக்காகப் படியும்.

## எட்டாம் படி: வெளிச்சத்துக்குக் கதையில் ஒரு காரணம்

இதுவரை செய்தது தொழில்நுட்பம். இந்தப் படியில்தான் என் குறும்படம் இரண்டாவது முறையும் தோற்றது. நிழல் எல்லாம் அழகாக விழுந்தது, ஆனால் எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை.

'தி தேர்ட் மேன்' வியன்னாவில் நடக்கும், ராபர்ட் கிராஸ்கர் ஒளிப்பதிவு செய்து ஆஸ்கர் வாங்கிய படம். அதில் செத்துவிட்டதாக நினைத்த ஹாரி லைம் ஒரு வாசலின் இருட்டில் நிற்கிறான். காலடியில் பூனை. அவன் யாரென்று தெரியாமல், குடித்திருக்கும் நண்பன் தெருவிலிருந்து கத்துகிறான். சத்தத்தில் தூக்கம் கலைந்த பெண் ஒருத்தி மாடியில் விளக்கைப் போட்டு ஜன்னலைத் திறக்கிறாள். அந்த வெளிச்சம் எதிர்வாசலில் விழ, முகம் தெரிகிறது. ஒரு கணம். ஜன்னல் மூடியதும் மறுபடி இருட்டு. வெளிச்சம் இங்கே அலங்காரத்துக்கு வரவில்லை, கதையையே அதுதான் திருப்புகிறது.

'சன்செட் பூலிவார்'டில் (1950) பழைய நட்சத்திரம் நார்மா டெஸ்மண்ட் தன் மௌனப் படத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து, புரொஜெக்டரின் ஒளிக்கற்றைக்குள் போய் நிற்பாள். 'டச் ஆஃப் ஈவில்' (1958) ஓட்டல் அறைக் கொலையில் வெளியே இருக்கும் விளம்பர விளக்கு அணைந்து அணைந்து எரியும். எரியும்போது ஒரு துண்டு பார்க்கிறோம், அணையும்போது மீதியை நாமே கற்பனை செய்துகொள்கிறோம்.

அதனால் உங்கள் காட்சிக்குத் தாளில் ஒரு வரி எழுதுங்கள்: இந்த வெளிச்சம் எதிலிருந்து வருகிறது? தெருவிளக்கா, திறந்திருக்கும் ஃபிரிட்ஜா, வாசலில் வந்து நிற்கும் பைக்கின் ஹெட்லைட்டா? காத்திருக்கும் மனிதன் கதைக்கு நாங்கள் கடைசியில் எடுத்துக்கொண்டது பைக் ஹெட்லைட்டை. அது சுவரில் கிரில் நிழலை இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டே போய் அணைந்ததும், வந்தவன் வண்டியை நிறுத்திவிட்டான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வசனமே தேவைப்படவில்லை.

எல்லாக் காட்சியும் இருட்டாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' (1947) படத்தில் நாயகனின் வாழ்க்கையைக் கெடுக்கப்போகிறவள் முதன்முதலில் அறிமுகமாவது மெக்ஸிகோவின் கொளுத்தும் வெயிலிலிருந்து. பகல் இருந்தால்தான் ராத்திரிக்கு எடை.

## ஒன்பதாம் படி: கேமராவும் தெருவும்

கேமராவை இடுப்புக்குக் கீழே இறக்குங்கள். கூரை தெரிந்தால் அறை சுருங்கும், ஆள் மாட்டிக்கொண்டது மாதிரி இருக்கும். அகலமான லென்ஸ் என்றால் முன்னால் இருக்கும் கை பெரிதாகவும் பின்னால் இருக்கும் கதவு தூரமாகவும் தெரியும். சாய்ந்த ஃபிரேமைக் காட்சிக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். 'தி தேர்ட் மேன்' முழுக்கச் சாய்ந்தே இருக்கிறது என்று இயக்குநர் வில்லியம் வைலர், அதை இயக்கிய கேரல் ரீடுக்கு ரசமட்டம் ஒன்றைப் பரிசாக அனுப்பிக் கிண்டல் செய்தாராம்.

தெருவில் எடுப்பதாக இருந்தால் தரையை நனையுங்கள். உலர்ந்த தார்ச்சாலை வெளிச்சத்தைக் குடித்துவிடும். நனைந்தால் தூரத்து விளக்கு ஒவ்வொன்றும் தரையில் ஒரு நீளக் கோடாகும், கருப்பான கீழ்ப்பாதிக்கு உயிர் வரும். வியன்னாவின் கல்பாவிய தெருக்கள் அப்படிப் பளபளப்பது இதனால்தான். மழை விட்ட ராத்திரி கிடைத்தால் விடாதீர்கள். மின்சார ஒயர்களைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைப்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

## பத்தாம் படி: எக்ஸ்போஷரும் கருப்பு வெள்ளையும்

போனின் தானியங்கி முறை உங்கள் எதிரி. இருட்டைப் பார்த்தால் அதற்குப் பொறுக்காது, தூக்கிப் பிரகாசமாக்கிவிடும். நைட் மோடையும் எச்.டி.ஆரையும் அணைத்துவிடுங்கள். முகத்தில் மிகப் பிரகாசமான திட்டைத் தொட்டு எக்ஸ்போஷரை, அதாவது படம் எவ்வளவு பிரகாசமாகப் பதிவாக வேண்டும் என்ற அளவை, பூட்டுங்கள். கைமுறை வசதி இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண்) 100-க்கும் 400-க்கும் இடையில் வையுங்கள். ஷட்டர் 50-ல் ஒரு பங்கு நொடி, ஃபிரேம் நொடிக்கு 25. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு மினுக்காது. படம் இருட்டாக இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றாதீர்கள், விளக்கை நெருக்கிக் கொண்டுவாருங்கள். ஐ.எஸ்.ஓ. ஏறினால் கருப்புக்குள் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்துவிடும்.

எடுக்கும்போதே திரையைக் கருப்பு வெள்ளையில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சட்டையும் பச்சைச் சுவரும் கண்ணுக்கு எதிரெதிர். கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொள்ளலாம். கதர், கோடு போட்ட துணி, சொரசொரப்பான சுவர் போன்றவை பக்கவாட்டு ஒளியில் அற்புதமாக இருக்கும். எடிட்டிங்கில் கருப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தலாம், ஆனால் படப்பிடிப்பில் விழாத நிழலை அங்கே உருவாக்க முடியாது.

## பயிற்சிக்கு ஒரே ஒரு ஷாட்

சியோட்மாக் 1946-ல் எடுத்த 'தி கில்லர்ஸ்' தொடக்கத்தில், கொலை செய்ய ஆள் வருகிறார்கள் என்று எச்சரிக்க ஒருவன் ஓடி வருகிறான். சாகப்போகிறவன் கட்டிலில் படுத்தபடியே பேசுகிறான். அவன் முகம் இருட்டில் இருக்கிறது. பர்ட் லங்காஸ்டரின் முதல் படம் இது, அதிலே முகத்தையே காட்டாமல் அறிமுகம்! ஓடப்போவதில்லை என்று தீர்மானித்த ஒருவனின் களைப்பு, அந்த முகம் தெரியாததால்தான் நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

இதையே செய்யுங்கள். கட்டில், படுத்திருக்கும் நடிகர், கதவருகே நிற்கும் இன்னொருவர். விளக்கு ஒன்றுதான், வாசலுக்கு வெளியே, வராந்தா பல்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்பவரின் நிழல் கட்டிலின் குறுக்கே விழட்டும். படுத்தவரின் மார்பு வரை வெளிச்சம் வர வேண்டும், கழுத்துக்கு மேலே கட்டர். வசனம் இரண்டு வரி போதும். முதலில் முகத்தைக் கொஞ்சம் தெரியவிட்டு ஒரு டேக், அப்புறம் முழுக்க மறைத்து ஒரு டேக் எடுங்கள். இரண்டையும் இந்தப் படப்பிடிப்புக்கே வராத யாரிடமாவது போட்டுக் காட்டி, எதில் அவன் பயப்படுகிறான் என்று மட்டும் கேளுங்கள்.